அப்பாவின் மனு ஏற்கப்பட்டது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு மேலே போகிறேன். இங்கே யாரும் படுக்கையில் இல்லை, அதனால் முதல் வரியிலேயே கண்ணைத் துடைக்க ஆரம்பிக்காதே. அப்பா காலையில் வெளியே போவதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் சேதி. அவ்வளவுதானா என்று கேட்பாய். அதற்குத்தான் இத்தனை பக்கம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்டுவிடுகிறது. கண் மங்கிவிட்டது, முழங்கால் தேய்ந்துவிட்டது, காது மட்டும் கல்யாணமாகாத வயசிலேயே நின்றுவிட்டது. மாடிக்குப் போய்ப் பேசினால் கீழேயிருந்து பதில் சொல்கிறார். அதனால் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னால் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் உழைப்பதுபோலத் தெரியும். பல வருடப் பழக்கம்.

உன் தம்பிக்குப் பதவி உயரவில்லை, வேலை உயர்ந்திருக்கிறது. நகரசபையில் பற்றாக்குறையாம். செயலாளர் என்னைக் கூப்பிட்டு, சுற்றுச்சூழல் பிரிவில் சட்டம் கட்டாயப்படுத்தாத சேவைகள் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்து, எதைத் தொடரலாம், எதைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம் என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார். ஏன் சார் என்னைப் போய் என்று கேட்டேன். “நீங்கதான் இதுவரைக்கும் யார்கிட்டயும் கெட்ட பேர் வாங்கல. ஒண்ணு வாங்கினா தாங்கும்” என்றார். இது பாராட்டா வசையா என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். என் வீட்டுக்காரி ஒரே நொடியில் சொல்லிவிட்டாள். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

சட்டப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன் அக்கா. குப்பை அள்ளுவது கட்டாயம். தெருக் கூட்டுவது கட்டாயம். ரவுண்டானாவில் பூச்செடி, எலிப்பொறி இரவல் கொடுப்பது, வாசலுக்கு வந்து பழைய மெத்தையை எடுத்துப்போவது, கோடையில் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூங்கா வாசலில் இருக்கும் பொதுக் கழிப்பறை, இதில் ஒன்றுகூடக் கட்டாயமில்லை. மனிதன் குப்பை போடுவான் என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்கு வேறு அவசரங்களும் வரும் என்பது தெரியவில்லை.

ஒரு சேவை மக்களுக்குத் தேவையா என்று அளக்க எங்கள் ஆபீசில் ஒரே ஒரு கருவிதான் உண்டு. கோப்பைக் கையில் தூக்கிப் பார்ப்பது. கனமாக இருந்தால் ஜனங்கள் எழுதியிருக்கிறார்கள், தேவை. இலேசாக இருந்தால் தேவையில்லை. பூச்செடிக் கோப்பைத் தூக்க இரண்டு கை வேண்டும். அத்தனையும் பாராட்டுக் கடிதங்கள், அத்தனையும் ஒரே பச்சை மை. அந்தச் செடிகள் எந்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும் என்று நான் சொல்லமாட்டேன், நகரசபைத் தலைவரே சொல்லட்டும். எலிப்பொறிக் கோப்பில் பாதியை எலி தின்றிருந்தது. அதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்று ‘தொடரலாம்’ என்று எழுதிவிட்டேன். கழிப்பறைக் கோப்பைத் திறந்தால் அட்டை மட்டும்தான் இருந்தது. சுத்தமாக இருக்கிற இடத்தைப் பற்றி யார் எழுதுவார்கள்? அதுவும் அந்த இடத்தைப் பற்றி, பெயரும் விலாசமும் போட்டு?

நம் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ரிட்டையர் ஆனதிலிருந்து இந்த நகரசபைக்கு அவர் மனு போடாத விஷயம் கிடையாது. தெருவிளக்கு, நாய், பள்ளம், பள்ளத்தை மூடியதில் வந்த மேடு. நில அளவை வேலை பார்த்த மனுஷர் ஆனதால் பள்ளத்தின் நீள அகலத்தோடுதான் மனு வரும். அடியில் ‘நகல்’ என்று போட்டு, தலைவர், செயலாளர், பொறியாளர், வார்டு உறுப்பினர், பத்திரிகை என்று எல்லாருக்கும் ஒவ்வொரு பிரதி போகும். ஆபீசில் அவருக்கு ‘நகல் தாத்தா’ என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் வைத்ததே நான்தான். அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் போகும். பல பதில்களில் என் கையெழுத்துதான் இருக்கும். அதை வீட்டில் அவரே எனக்குப் படித்துக் காட்டித் திட்டுவார். இப்படித்தான் அப்பாவும் பிள்ளையும் இத்தனை வருடமாகப் பேசிக்கொள்கிறோம்.

அந்த மனுஷர்கூட இந்தக் கழிப்பறையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

சரி, கோப்புதான் காலி, ஆள் வருகிறார்களா என்றாவது பார்ப்போம் என்று ஒரு காலை பூங்காவுக்குப் போய், எதிர் பெஞ்சில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே பராமரிப்பு வேலை செய்கிறவர் தன்னை மேனேஜர் என்று சொல்லிக்கொள்வார், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். கையில் வாளியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் கிட்டே வந்து, “சார், கூச்சப்படாம உள்ள போங்க. ஒரு வயசுக்கு மேல எல்லாருக்கும் வர்றதுதான்” என்றார். ஆபீஸ் விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன். “எல்லாரும் ஏதோ விஷயமாத்தான் சார் வராங்க” என்று ஆறுதல் சொன்னார். “இப்ப உள்ள ஒரு பெரியவர் இருக்கார். போகும்போது ஒரு தடவ, திரும்பும்போது ஒரு தடவ. அவரும் முதல்ல உங்களாட்டம் இதே பெஞ்சில பேப்பர்தான் படிச்சிட்டிருந்தார்” என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே அப்பா வெளியே வந்தார்.

என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். அது தலைகீழாக இருந்தது. அப்பா குடையைத் தூக்கிச் சுவரோரக் குழாயை இரண்டு தட்டுத் தட்டி, “லீக் ஆவுது. எழுதணும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். குழாய் காய்ந்து கிடந்தது. அவர் திரும்பிப் பார்த்துவிடக்கூடாதே என்று நானும் அவசரமாக உள்ளே போய்விட்டேன். போன இடத்தில் சும்மா நிற்பானேன்? மேனேஜர் சொன்னதில் பாதி உண்மை.

இதோடு விட்டிருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும். ஆனால் உன் தம்பியின் வாய்க்குத்தான் கதவே கிடையாதே. அன்று இரவு சாப்பாட்டு மேசையில், மருமகள் பேத்தி எல்லாரும் இருக்கும்போது, “அப்பா, அந்தப் பூங்கா கழிப்பறைய மூடிடுவாங்க போல. கோப்பு காலியா இருக்கு. நீங்கதான் தினமும் போறவராச்சே, ஒரு மனு போடுங்களேன்” என்றேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன் அக்கா. மேசைக்கு அடியில் என் வீட்டுக்காரி மிதித்த மிதியில் கால் விரல் இன்னும் வீங்கியிருக்கிறது. அப்பா நிமிராமல், “நான் லீக் பார்க்கத்தான் போனேன். எனக்கு அந்த மாதிரி அவசியமெல்லாம் கிடையாது” என்றார். தட்டில் பாதிக்கு மேல் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

நாலைந்து நாளில் பதிவுத் தபாலில் மனு வந்தது. பியூன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்தார். படித்தேன். பூங்கா வாசலில் உள்ள கழிப்பறை யாருக்கும் பயன்படுவதில்லை என்றும், தினமும் அவ்வழியே நடப்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வதாகவும், அதை உடனே மூடவேண்டும் என்றும் அப்பா எழுதியிருந்தார். எழுத்தெல்லாம் வழக்கம்போல முத்து முத்தாக இருந்தது. அடியில் நகல், எல்லாருக்கும்.

செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. “உங்கப்பா முதல் தடவையா நியாயமா எழுதியிருக்கார் பாருங்க” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பள்ளத்துக்கும் விளக்குக்கும் வருடக்கணக்காகப் பரிசீலனையில் கிடந்த மனுஷரின் மனு அன்று மத்தியானமே ஏற்கப்பட்டது. பொதுமக்கள் கோரிக்கையை ஒட்டி இந்தக் கழிப்பறையை மூட உத்தேசித்துள்ளோம், மறுப்பு இருந்தால் எழுதித் தரலாம் என்று மறுநாள் கதவில் அறிவிப்பும் ஒட்டியாயிற்று. அறிவிப்பை எழுதினது நான். ‘பொதுமக்கள்’ என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. அப்புறம் அதுவும் பழக்கத்தில் ஓடிவிட்டது.

இப்போது நிலைமையைக் கேள். கழிப்பறை இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் யாருக்கும் பயன்படவில்லை என்று கையெழுத்துப் போட்டவர் அதற்குள் எப்படிக் காலை வைப்பார்? அறிவிப்பு ஒட்டிய மறுநாள் வாசல்வரை வந்தாராம், கதவைப் படித்தாராம், மேனேஜரைப் பார்த்தாராம், திரும்பிப் போய்விட்டாராம். “நான் ஒண்ணுமே சொல்லல சார், வாங்கன்னுதான் கூப்பிட்டேன்” என்று மேனேஜர் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். அதிலிருந்து அப்பாவுக்கு முழங்கால் வலி. பூங்காவில் அவரோடு உட்கார்ந்து நாட்டையே ஆள்கிறவர்கள் இரண்டு பேர், தையல்காரரும் பழைய பஸ் டிரைவரும். அவர்கள் தேடிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். அவர்களிடமும் முழங்கால்தான். உன் கடிதங்களை அவர்களுக்குத்தான் படித்துக் காட்டுவார் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. அப்படியே படிக்கவும் மாட்டார். அத்தானுக்கு அங்கே இரண்டு பதவி உயர்வு கொடுத்திருக்கிறார். தையல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முழங்கால் சரியாகிவிட்டது என்றார். எங்களுக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் தையல்காரர் அவரைக் கைத்தாங்கலாக வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். வெயில் என்றார் அப்பா. வானம் மூடிக்கிடந்த நாள் அது. டாக்டர் நாக்கைப் பார்த்துவிட்டு, உடம்பில் தண்ணீரே இல்லையே என்றார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார். பூங்காவுக்குப் போய்த் திரும்பும்வரை தாங்கவேண்டுமே, அதற்காக. கட்டில் பக்கத்தில் வைத்த கூஜா வைத்தபடியே நிறைந்திருந்ததை என் வீட்டுக்காரிதான் பார்த்தாள். பார்த்தவள் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இந்த முறை மிதிக்கவில்லை. மிதித்திருக்கலாம்.

இப்போது மறுபடி வீட்டோடுதான் இருக்கிறார். டாக்டர் பேச்சுக்கு மரியாதையாக, நாம் பார்க்கும்போது ஒரு மடக்கு குடிக்கிறார். மனு எழுதுவதில்லை. எதிர்வீட்டு விளக்கு மூன்று நாளாகப் பகலில் எரிகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது அக்கா.

மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் நகரசபைக் கூட்டம் அடுத்த மாதக் கடைசியில். நான் மறுப்பு எழுத முடியாது, அறிக்கை எழுதுகிறவனே நான். தையல்காரரும் டிரைவரும் எழுதினால், சிநேகிதர்களே தன் வார்த்தையைப் பொய்யாக்கிவிட்டார்கள் என்று அப்பா அவர்கள் முகத்தில்கூட விழிக்கமாட்டார். அவர் எழுதினதை அவர்தான் திரும்ப வாங்கவேண்டும். நான் சொன்னால் நடக்காது. அந்தத் தகுதியைச் சாப்பாட்டு மேசையில் தொலைத்துவிட்டேன். அவர் யார் பேச்சையாவது கேட்பார் என்றால், அது இந்த வீட்டில் இல்லாத உன் பேச்சைத்தான்.

அதனால் அவருக்கு ஒரு கடிதம் போடு. உனக்கு இதெல்லாம் தெரியும் என்று மூச்சுவிடாதே. உன் மாமனார் அங்கே தினமும் நடக்கப்போகும் வழியில் இருந்த ஒரே கழிப்பறையை மூடப்போகிறார்கள், மனுஷர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார் போலிருக்கிறது, நான் ஒரு மனு எழுதவேண்டும், என்னென்ன காரணம் சொல்வது, நீங்கள்தான் வார்த்தை எடுத்துக்கொடுக்கவேண்டும் என்று கேள். உன் மாமனார் இந்த வயசிலும் படியில் ஓடி ஏறுகிறவர் என்பது தெரியும். அவரிடம் என் சார்பில் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள். அப்பாவால் இதற்கு எழுதாமல் இருக்கமுடியாது. இன்னொருத்தருடைய வயதான உடம்புக்காக என்றால் வெட்கப்படாமல் எழுதுவார். எழுதும்போது அவருக்கே கேட்கும். கேட்டால் போதும், மிச்சத்தை நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

பலிக்குமா தெரியாது. பலிக்காவிட்டால் ‘நிறுத்தலாம்’ என்ற கட்டத்தில் நான் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மகன் என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் இல்லை.

நீ வர முடியுமா என்று கேட்கப்போவதில்லை. உனக்கு அங்கே இருக்கும் பாடு தெரியும். கேட்கவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. நீ அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் எங்காவது ஒரு மூலையில், சம்பந்தமே இல்லாத இடமாகப் பார்த்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல் அக்கா. உன் பேச்சு என்றால் குடிப்பார்.

வேறு வழி தெரியாத,
உன் தம்பி