வலைமேடு காலி இடமில்லை

பிப்ரவரி 3, திங்கள்

முகத்துவாரக்குப்பத்துக்கு அரசாங்கம் வரைபடம் போட உதவும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. துறைமுக ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிறேனாம், அதனால் எனக்கு எல்லாம் தெரியுமாம்! அடுத்த செவ்வாய் சர்வேயர் வருகிறார். நாங்கள் வலை காயப்போடும் வலைமேட்டை அவர் ‘மீனவர் புழங்கும் இடம்’ என்று எழுதினால் பிழைத்தோம். ‘காலி இடம்’ என்றால் எவனாவது வேலி போட்டுவிடுவான். பயமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

இடப் பெயர்களை நோட்டில் எழுத, பட்டம்மாள் சித்தியோடு ஊரைச் சுற்றினேன். பத்தடிக்கு ஒரு பெயர்! கடல் கொண்டுபோன டீக்கடைக்கு இன்னும் ‘டீக்கடை முனை’. வெறும் மணலுக்குப் பெயர் ‘தென்னந்தோப்பு’.

“மரம் எங்க சித்தி?”

“புயல்ல போச்சு. அதுக்காவ பேர மாத்திக்கினு இருப்பாங்களா?”

மொத்தம் முப்பத்தொரு பெயர். பாதி எனக்கே புதுசு. வெட்கம் கொஞ்சம், சந்தோஷம் நிறைய.

பிப்ரவரி 11, செவ்வாய்

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. சர்வேயர் வருகிறார் என்று விடிவதற்குள் ஊரே கூடி வலைமேட்டைப் பெருக்கிவிட்டது. வலைகள் வீட்டுக்குள், படகுகள் அந்தப் பக்கம். நடுவில் பந்தல், ஒரு நாற்காலி, இளநீர். ஊர்த் தலைவர் ஜெயவேல் மாமா முகத்தில் அப்படி ஒரு பெருமை. “ஆபீசரு வர சொல்லோ கலீஜா கீதுன்னா நமக்குதான அசிங்கம்?”

சர்வேயர் இளநீர் குடித்தார். சுற்றிப் பார்த்தார். ‘காலி இடம்’ என்று எழுதினார்.

ஐயோ மாமா, இன்னா இப்டி பண்ணிட்ட!

ஓடிப்போய்க் கெஞ்சினேன். “கண்ணால பாக்கறதத்தாம்மா எழுத முடியும். நாளைக்குப் பக்கத்து குப்பத்துக்கு வரேன், எட்டிப் பாக்கறேன்” என்றார். நல்ல மனிதர்.

பிப்ரவரி 12, புதன்

லீவு போட்டேன். ஏழு மணிக்கெல்லாம் வலைமேட்டில் கால் வைக்க இடமில்லை. வலை, படகு, ஐஸ் பெட்டி, கருவாடு. இதில் பொய் ஒன்றும் இல்லை. நேற்றுதான் நாங்கள் நடித்தோம். சர்வேயர் கருவியின் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார், வைக்க இடமில்லை.

“ஓரமா போ சார், வலைய மிதிக்காத!” — சித்திதான். சர்வேயர் சிரித்துக்கொண்டே பழைய வரியை அடித்தார்.

பிப்ரவரி 28, வெள்ளி

வரைபட நகல் வந்துவிட்டது. ‘வலைமேடு. வலை உலர்த்துமிடம். மீனவர் பொதுப் பயன்பாடு.’ மற்ற முப்பது பெயருக்கும் அதில் இடமில்லையாம். என் நோட்டில் இருக்கட்டும்.

மாமா வலைமேட்டில் வலை விரித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். மூன்று தடவை படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, தள்ளி நில்லு மகிழினி. உன் நெழலு வுயுது, வலை காயணும்.”