மலேசியா மழையில் நம் நித்யா

என் சரசு கண்ணு,

உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை. பிள்ளையை அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவன் நான் ஒருவன் மட்டுமா என்ன?

போன மாதம் மலேசியா போனேன். ஆமாம், நானேதான். செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் நீ சிரித்துக்கொண்டே காரை நுழைக்கும்போது, பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன். நம் மகள் நித்யா பின்னாலிருந்து கை தட்டுவாள். அந்தத் தைரியம் அவளுக்கு உன்னிடமிருந்து வந்தது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

நீ போனபோது அவள் கோயம்புத்தூரில் சின்ன வண்டிகளில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது நாடு நாடாக நடக்கும் ஜிடி என்கிற பெரிய பந்தயக் கார்களின் சாம்பியன்ஷிப்பில் ஓட்டுகிறாள். ஸ்பிரிண்ட் பந்தயம் என்கிறார்கள். ஒரு மணி நேரம்தான். ஒரு காருக்கு இரண்டு பேர். ஒருவர் பாதி ஓட்டிவிட்டு அணியின் ஷெட்டுக்கு வந்து இறங்க வேண்டும், மற்றவர் ஏறிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை ஒரு பந்தயம், ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

அவள் ஓட்டி நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நம் கோழிப்பண்ணையில் ஷெட் ஷெட்டாக நடந்துகொண்டிருப்பேன். "முடிஞ்சுதுங்கப்பா" என்று ஃபோன் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இந்தத் தடவை, "ஒரே ஒருக்கா வந்து பாருங்கப்பா" என்றாள். நீ இருந்தால் போயிருப்பாய். அதனால் போனேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? காதில் கேட்கவில்லை, நெஞ்சில் இடிக்கிறது. நித்யா ரேடியோவில் பேசுவது எனக்கும் கேட்கட்டும் என்று அணிக்காரர்கள் ஒரு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்கள். சனிக்கிழமை முதல் பாதியை அவளுடைய ஜோடி மார்க்கோ ஓட்டினான். அவன் உள்ளே வந்து இறங்கியதும் இவள் ஏறினாள். கதவைச் சாத்துவதற்குள் என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

அவள் வெளியே போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை மாதிரி இல்லை, கண்ணு. கொட்டித் தீர்த்தது. ஷெட்டில் இருந்த டிவியில் கார்களே தெரியவில்லை, தண்ணீர்ப் புகையும் சிவப்பு விளக்குகளும்தான். முன்னால் போன ஒரு கார் சுழன்று குறுக்கே நின்றது. பின்னால் வந்த கார் ஒதுங்கப் பார்த்து, வழுக்கி, சுவரில் போய் மோதியது. அது நம் பெண்ணின் கார்.

இன்ஜினியரம்மா ஹெலன் மைக்கில் கூப்பிட்டாள். "நித்யா? நித்யா?" பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். ஹெட்ஃபோனில் இரைச்சல் மட்டும்தான். டயரைக் கையில் பிடித்திருந்தவன் பிடித்தபடியே நின்றான். ஆஸ்பத்திரியில் உன் கை என் கைக்குள் சில்லிட்டுப் போனது எனக்கு நினைவு வந்தது. இவளும் போய்விட்டாள் என்றே நினைத்தேன், சரசு. ஊருக்கு எப்படித் தனியாகப் போவேன் என்றுகூட நினைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு மூச்சு கேட்டது. "அப்பா… எனக்கொண்ணும் ஆவலீங்கப்பா. பயந்துக்காதீங்க."

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொல்கிறாள் என்று ஹெலன் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஓகே, ஷி ஓகே" என்பதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மோதிய வேகத்தில் மூச்சடைத்துப் பேச்சு வரவில்லையாம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்த கார் புதிது போல நிற்கிறது! அன்றைக்கு முதல் பாதி இவளுடையது. வானம் மறுபடியும் கறுத்துக் கிடந்தது.

"சாமி, இன்னிக்கு வேண்டாம். ஊட்டுக்குப் போயரலாம் வா" என்று நித்யாவிடம் கெஞ்சினேன். அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். நாடி தடதடவென்று அடித்தது. "எனக்கும் பயந்தானுங்கப்பா. ஒவ்வொருக்காவும் இப்படித்தான். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சாமா."

"உங்கம்மாவுக்கா? அவளுக்கு ஏது பயம்?"

"ஆஸ்பத்திரில எங்கிட்டச் சொல்லுச்சுங்க. கார ஒவ்வொருக்காவும் பயந்துட்டேதான் எடுக்குமாமா. ஆப்பரேசன் அன்னிக்குக்கூட பயந்து நடுங்குச்சு. 'உங்கப்பா தாங்கமாட்டாரு, சொல்லாத சாமி'ன்னுச்சு."

ஏன் கண்ணு என்னிடம் சொல்லவில்லை? ஆப்பரேஷனுக்கு உள்ளே போகும்போது சிரித்தாயே, அது யாருக்காக? நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனாலும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து உன்னோடு சேர்ந்து பயந்திருப்பேனே. அதற்குக்கூடவா நான் லாயக்கில்லாமல் போனேன்?

அவள் ஓட்டினாள். நான் தடுக்கவில்லை. மழை தூறிக்கொண்டேதான் இருந்தது. கண்ணை மூடாமல் பார்த்தேன். எட்டாவதாக வந்தார்கள். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த பந்தயம் ஜப்பானில். அது நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்தப் பயம் தீராது, சரசு. தீரும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இனி நான் பண்ணையில் ஒளிந்துகொள்ள மாட்டேன். அவள் காரில் ஏறுவதற்கு முன்னால், "எனக்குப் பயமா இருக்குது சாமி, உனக்கு?" என்று கேட்பேன். அவள் சொல்வதை முழுக்கக் கேட்பேன். உன்னிடம் நான் கேட்காமல் விட்டதை அவளிடம் ஒருநாளும் கேட்காமல் விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
நித்யாவின் அப்பா