நிற்க வைத்த தூண்கள்

ஜனவரி 9, வியாழன்

கன்டெய்னர் வந்து இறங்கிவிட்டது. கல்யாண மண்டபத் தூண் நாற்பது, ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி. ஊஞ்சல் பலகை பதினெட்டு. காரைக்குடிக் கதவு ஆறு ஜோடி. ஆளுயரக் குத்துவிளக்குகள். இதில் ஒன்றுகூட பேலட்டில் உட்காராது. நாற்பதுக்கு நாற்பத்தெட்டு அங்குல மரச் சட்டம் — இந்த நாட்டில் சரக்கு என்றால் அதற்குள் அடங்க வேண்டும். அரிசி மூட்டை விற்கிறவன் கொடுத்து வைத்தவன். அடுக்கினான், பிளாஸ்டிக்கைச் சுற்றினான், ஃபோர்க்லிஃப்டில் தூக்கினான், வீட்டுக்குப் போனான்.

என்ன வழி இருக்கிறது என்று மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். எடிசனில் வாடகைக் குடோனில் வைக்கலாம். ஒரு தூணைக் கிடத்தினால் மூன்று பேலட் இடம் என்று கணக்குப் போடுகிறான். என் குடோனுக்குப் பின்னால் காலி கன்டெய்னர் போட்டு அதற்குள் தள்ளலாம். டவுன்ஷிப்பில் அனுமதி வாங்க வேண்டும், பனிக்காலத்தில் உள்ளே தகரம் வியர்க்கும், தேக்கு வெடிக்கும். கேன்டிலீவர் ரேக் போடலாம்: நடுவில் இரும்புத் தூண், அதிலிருந்து கை நீட்டிக்கொண்டு நிற்கும், நீளமானதை அந்தக் கைகளில் படுக்க வைக்கலாம். நல்ல சாமான்தான். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

நாலாவது வழி, சுவரில் நிற்க வைப்பது. சுவர் இருக்கிறது, சேர்த்துக் கட்டப் பெல்ட் இருக்கிறது.

கஞ்சத்தனம் மட்டும் இல்லை. போன வருஷம் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, தரையில் கிடந்த தூண்களைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பாடைக்கு வச்ச மாதிரி போட்டிருக்கீங்க" என்று திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்கே முடிவு பண்ணினேன். தூண் என்றால் நிற்க வேண்டும். நம் ஆட்களிடம் விற்க வேறு வழியில்லை.

ஜனவரி 23, வியாழன்

பிச்சுமணி இன்றும் ஆரம்பித்தான். "எக்கா, ஒரு பெல்ட் பத்தாது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல செயின். வண்டி பக்கத்துல போனாலே தரை அதிருது."

"நீ வண்டியை மெதுவா ஓட்டு."

"நான் மெதுவாத்தான் ஓட்டுதேன். தூணுக்குத் தெரியணுமே."

பன்னிரண்டு வருஷமாக என் ஃபோர்க்லிஃப்டை ஓட்டுகிறவன். ஒரு கதவின் மூலை உடைந்ததில்லை. பெல்ட்டைக் கட்டி முடித்ததும் இரண்டு தட்டுத் தட்டுவான், மாட்டைத் தட்டுகிற மாதிரி. சிரித்துக்கொண்டே போனேன். செயின் வாங்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பிச்சுமணியின் வலது கால். இரண்டு தூண். ஆம்புலன்ஸ்.

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பிஸ்கட்டவேயில் மணமேடை அலங்காரம் செய்கிற துவாரகா வந்திருந்தாள். "இதின்ர பின்பக்கத்தையும் ஒருக்காக் காட்டுங்கோவன் அக்கா" என்றாள். பெல்ட்டைக் கழற்றினேன். தூணைத் திருப்பினேன். நான். என் கையால். அவள் பார்த்தாள், யோசித்துச் சொல்கிறேன் என்று போனாள். அந்நேரம் கஸ்டம்ஸ் புரோக்கர் போன். பேசிக்கொண்டே ஆபீஸுக்குள் போய்விட்டேன். பெல்ட் தரையில் கிடந்தது.

கால் மணி நேரம் கழித்து பிச்சுமணி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கியிருக்கிறான். சத்தம் கேட்டுத்தான் ஓடினேன்.

பாதத்தில் மூன்று எலும்பு. இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். நடப்பான். எப்போது என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரிக்கு அறிக்கை போக வேண்டும். ஆபீஸ் வேலையெல்லாம் மகள் ஷைனாதான். டைப் பண்ண உட்கார்ந்துகொண்டு, அவள் இங்கிலீஷில் கேட்டாள்: பெல்ட்டைக் கழற்றியது யார்?

தெரியலை என்றேன்.

அப்போ கட்டுறது யார் வேலை?

"பிச்சுமணி வேலை."

தொழிலாளி சரக்கைச் சரியாகக் கட்டவில்லை — இதுதான் அந்த வரி. படித்தேன். கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு, சம்பளம் எல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும், யார் தப்பு என்று கேட்காது. அவனுக்கு இதனால் என்ன நஷ்டம்? எனக்குத்தான் லைசன்ஸ், லீஸ், பெயர். இப்படித்தான் கணக்குப் போட்டேன். கணக்கில் நான் தப்பு விட்டதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சபையில் பிச்சுமணிக்காக ஜெபம் பண்ணினார்கள். ஜெபச் சீட்டு எழுதிக் கொடுத்தது நான்தான். எல்லோரும் வந்து என் கையைப் பிடித்து, "வேலைக்காரருக்காக இப்படி அழறீங்களே லீலாக்கா" என்றார்கள்.

மார்ச் 8, சனி

மான்மவுத் ஜங்ஷனில் அவன் வீட்டுக்குப் போனேன். காலை ஸ்டூலில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தான். மனைவி பத்மராணி காபி கொண்டுவந்தாள். நான் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"எக்கா, மன்னிச்சிருங்க. நான்தான் கட்டாம விட்டுட்டேன் போல. அறிக்கையில அப்படித்தான் இருக்குன்னு இன்சூரன்ஸ்காரன் சொன்னான். யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், நெனப்பே வரமாட்டேங்கு. கட்டித் தட்டுன மாதிரித்தான் இருக்கு. ஆனா கட்டலையே."

வாயைத் திறந்தேன். "உடம்பைப் பாரு" என்று வந்தது. அந்த ரெண்டு வார்த்தைக்கா வாயைத் திறந்தே, பாவி?

ஏப்ரல் 3, வியாழன்

கேன்டிலீவர் ரேக் பொருத்தி முடித்தார்கள். தரையில் துளை போட்டு ஆணி இறக்கி, அசைத்தால் அசையாது. தூண்கள் நாற்பதும் மூன்று அடுக்காகப் படுத்திருக்கின்றன. ஊஞ்சல் பலகைக்குத் தட்டு நிறுத்துகிற மாதிரி தனிச் சட்டம். குத்துவிளக்குக்கு இரும்புக் கூண்டு. பாதித் தரை காலியாகிவிட்டது! ஜனவரியில் போனை வைக்காமல் இருந்திருந்தால்.

துவாரகா வந்தாள். படுத்திருக்கிற தூணைப் பற்றி ஏதாவது சொல்வாளென்று காத்திருந்தேன். ஷைனாவின் டேப்லட்டில் படம் பார்த்து எட்டுத் தூண் எடுத்துக்கொண்டாள். நிற்க வைத்துக் காட்டட்டுமா என்றேன். "ஐயோ, ஏன்? நான் எப்பவும் படத்தைப் பார்த்துத்தானே எடுக்கிறனான். அண்டைக்குச் சும்மா கேட்டது."

போகும்போது வாசலில் நின்றாள். "நான் போன பிறகு பெல்ட்டைத் திருப்பிக் கட்டினனீங்கள்தானே அக்கா?"

"கட்டினேன்."

ஏப்ரல் 27, ஞாயிறு

பத்மராணி போன் பண்ணினாள். அவன் கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்க்கிறானாம். கார் ஓட்டுவதை விட்டுவிட்டான். மறதி நோய் என்று அவனே முடிவு பண்ணி டாக்டரிடம் போயிருக்கிறான். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னாராம், ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாராம். எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். இவன் நம்பவில்லை. "ஒண்ணும் இல்லேன்னா அன்னைக்கு எப்படி மறந்தேன்?" என்கிறானாம். ஃபோர்க்லிஃப்ட் இனிமேல் தொட மாட்டானாம், யாரையாவது கொன்றுவிடுவேன் என்று.

அவனுக்கு என்ன நஷ்டம் என்று எழுதியிருக்கிறேனே, இரண்டு பக்கம் முன்னால்.

மே 18, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"பிச்சு, பெல்ட்டைக் கழட்டினது நான். நீ கட்டித்தான் இருந்தே. துவாரகாவுக்குக் காட்டக் கழட்டினேன். போன் வந்துச்சு, போயிட்டேன்."

சிரித்தான். கண்ணில் தண்ணீர். "எக்கா, நீங்க ஏன் எனக்காகப் பொய் சொல்லுதீங்க? பத்மா புலம்புனாளா? நீங்க அப்படி விட்டுட்டுப் போற ஆளா? எனக்குத் தெரியாதா?"

எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் என்னை அவன் சமாதானப்படுத்தினான்.

பத்மராணி காருக்கு வந்தாள். கண்ணாடியை இறக்கினேன்.

"அவரு நம்ப மாட்டாரு. நான் நம்புதேன். எழுதித் தாங்க."

"எழுதினா அறிக்கையும் மாத்தணும் பத்மா. பொய் அறிக்கைன்னு ஆயிடும்—"

"பேப்பர் இல்லாம ஒரு பெட்டிகூட உள்ள விட மாட்டீங்களே நீங்க. எழுதித் தாங்க."

அவள் என்னை அக்கா என்று சொல்லவில்லை. காபியும் தரவில்லை என்பது வழியில்தான் உறைத்தது.

மே 21, புதன்

எழுதித் தர வேண்டாம் என்கிறார் வக்கீல். எல்லாம் அடங்கிப்போன விஷயம், நாமே போய்க் கிளறுவானேன் என்கிறார். காசு வாங்கிக்கொண்டு சொல்லும் புத்தி, நல்ல புத்திதான். நானும் யாருக்காவது அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஷைனாவிடம் சொன்னேன். லேப்டாப்பை மூடினாள். "என்னை டைப் பண்ண வச்சியே மாம்" என்று தமிழில் சொன்னாள். கோபம் வந்தாலும் இங்கிலீஷ்தான் பேசுவாள் இவள்.

மே 24, சனி

எழுதினேன். ஒரு பிரதி அதிகாரிக்கு, ஒன்று இன்சூரன்ஸுக்கு, ஒன்று அவனுக்கு. தேதி, நேரம், துவாரகாவின் பெயர், போனில் அந்த அழைப்பு வந்த நிமிஷம்வரை.

பிச்சுமணி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். விரலை வரிக்கு வரி வைத்து. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல பிச்சு."

பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பத்மராணியிடம் கார் சாவி எங்கே என்று கேட்டான். என்னிடம், "மூணு மாசம்" என்றான். திட்டுவான் என்று உட்கார்ந்திருந்தேன். காலைத் தாங்கித் தாங்கி வெளியே போய், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம் நான் எழுந்து வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

அபராதம் வந்துவிட்டது. இன்சூரன்ஸும் ஏறிவிட்டது. கட்டலாம். புது ஆள் ஒருவன் வந்திருக்கிறான், ரேக்கின் கையில் இரண்டு தூணை இடித்துவிட்டான். பிச்சுமணிக்கு மூன்று தடவை போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

எடிசன் வாடகைக் குடோனுக்குப் போயிருந்தேன், டெக்ஸஸுக்குப் போகிற கதவுகளை ஏற்றிவிட. அங்கே நீளச் சரக்குக்கு இப்போது தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். பதினாறு அடி இரும்புக் குழாய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு ஃபோர்க்லிஃப்ட் திரும்பியது, ஒரு பக்கமும் ஆடாமல். ஓட்டுவது யார் என்று முகத்தைப் பார்க்காமலே தெரிந்தது.

நடுவழியில் நின்றுவிட்டேன்.

ஹார்ன் அடித்தான். ஒதுங்கினேன். குழாயை இறக்கி, பெல்ட்டைக் கட்டி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கட்டுக்குப் போனான்.