இரண்டு கண்ணிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கீறல் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், காபி ஆறிக் கிடக்கிறது.

உன் கல்யாணத்தில் மாமனார் என்ற முறையில் மாப்பிள்ளைக்குப் போடுவதற்காக ஒரு ஸ்டீல் வாட்ச் வாங்கி வைத்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட மறுநாள், வீம்புக்கு அதை நானே கட்டிக்கொண்டேன். மூன்று வருடம் பஸ் கம்பியிலும் ஆபீஸ் மேஜையிலும் உரசி, அதன் மேலெல்லாம் மெல்லிய கீறல்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். ஒரே ஊருக்குள், சந்தாபுராவிலிருந்து ஜோகுபாளையம் வர மூன்று வருடம் பிடித்திருக்கிறது. டிராஃபிக்கைக் குறை சொல்ல மாட்டேன்.

உடனே போய் மெட்டல் பாலிஷ் வாங்கி வந்தேன். கண்ணாடியை டேப்பால் மூடிவிட்டு, பழைய பனியன் துணியால் தேய்த்தேன். முதலில் வட்டமாகத் தேய்த்ததில் ஸ்டீல் மங்கிப்போய்விட்டது. பிறகு ஒரே திசையில், அழுத்தாமல் தேய்த்தேன். கீறல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இப்போது அதில் என் முகம் தெரிகிறது, மீசை நரை உட்பட.

"வெள்ளி விளக்கைத் தேய்ங்கன்னா கை வலிக்குதும்பீங்க," என்றாள் அம்மா. "இதுக்கு மட்டும் வலிக்கலையா?"

வலிக்கத்தான் செய்கிறது. பரவாயில்லை.

ஒரே ஒரு விஷயம். என் கைக்குப் பெரிதாக இருந்ததால் அன்று செயினில் இரண்டு கண்ணிகளைக் கழற்றினேன். தூக்கிப் போடவில்லை. உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் பத்திரமாக இருக்கின்றன.

மாப்பிள்ளையின் மணிக்கட்டை ஒரு நூலால் அளந்து சொல். அம்மாவிடம் வேண்டாம். எனக்கே போன் பண்ணு.

உன் அப்பா