கன்னத்துப் பொட்டும் தாய்மாமன் மடியும்

நல்லதண்ணி, மேல்கணக்கு
15.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பிரியந்தி எழுதுவது. நீங்கள் சுகமா என்று கேட்கிற அளவுக்கு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் கட் பண்ணிவிடுவீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. அதனால்தான் மலை யாத்திரை சீசன் பஸ் கண்டக்டர் நல்லமுத்து அண்ணனிடம் கொடுத்து உங்கள் ஸ்டூடியோவுக்கு அனுப்புகிறேன்.

டிசம்பரில் வந்து நீங்கள் எடுத்த குடும்பப் படம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. உங்கள் மச்சான் ஆணி அடித்து மாட்டினார். என் மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "யாருடி இந்தப் பொம்பள, என் சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிறா?" என்றார். அண்ணே, அத்தையின் தாடையில் இருந்த மரு எங்கே? நெற்றிச் சுருக்கமெல்லாம் எங்கே போனது? இஸ்திரி போட்டது மாதிரி ஆக்கி வைத்திருக்கிறீர்கள்.

அது போகட்டும். பாப்பா கன்னத்தில் அத்தை தன் கையால் வைத்த மைப் பொட்டையும் அழித்துவிட்டீர்களே! நம் ஆட்கள் யாராவது பச்சைப் பிள்ளையின் திருஷ்டிப் பொட்டை அழிப்பார்களா? படம் வந்த அன்றைக்கே பாப்பா சுலக்ஷனாவுக்குக் காய்ச்சல். குடித்த பாலெல்லாம் வாந்தி. அத்தை படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

வருகிற மாதம் பதினாறாம் தேதி பாப்பாவுக்குக் காது குத்து. "பொட்ட அழிச்சவன் மடியில என் பேத்திய ஒக்கார வைக்க மாட்டேன். ஒன் சித்தி மகன் மதுரன் இருக்கான்ல, அவன் ஒக்காரட்டும்" என்று அத்தை ஒற்றைக்காலில் நிற்கிறார். பெரியவன் தர்ஷனுக்கும் மதுரன் மடியில்தானே குத்தினோம், நீங்கள் கேமராவைக் கீழே வைக்காததால். அதனால்தான் அவன் மதுரனை மாமா என்கிறான். உங்களைப் போட்டோ மாமா என்கிறான்.

என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

கோபத்துடனும் பாசத்துடனும்,
பிரியந்தி


கொட்டகலை
20.01.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? அதை முதலில் எழுது. இந்தக் குளிரில் மலை முழுக்கக் காய்ச்சல். என் படத்தால்தான் வந்தது என்றால் கொட்டகலையில் பாதிப் பேர் படுத்திருக்க வேண்டும்.

அந்த ஒரு படத்துக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? மச்சான் காலையில் வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார். நான் பட்டனை அமுக்கும்போதெல்லாம் அத்தை சரியாகக் கண்ணை மூடினார். தர்ஷன் மூக்கிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. பாப்பா அழுகிறாள் என்று நான் ஆடு மாதிரி கத்தினேன். அவள் சிரித்தாள். உடனே தர்ஷனும் கத்தினான். அப்புறம் உங்கள் லயத்து வீடுகளின் ஆடே வந்து அத்தையின் முந்தானையைக் கடித்தது. கடைசியில் பாப்பாவின் சிரிப்பை ஒரு படத்திலிருந்தும், அத்தையின் திறந்த கண்ணை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டினேன். விரலை எடுக்கத்தான் ஒரு ராத்திரி ஆனது.

கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் முகத்தில் உள்ள பரு, மரு எல்லாம் தானாகப் போய்விடும். இங்கே வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். அது மைப் பொட்டையும் பரு என்று நினைத்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு என்ன, அதுவா பிள்ளை பெற்றது?

பொட்டையும் மருவையும் திரும்ப வைத்து வேறு படம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாட்டச் சொல்.

மதுரனா? அவன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவே யோசிப்பான். மடியை எங்கே கொடுக்கப்போகிறான்? பாப்பாவுக்குத் தாய்மாமன் நான் உயிரோடுதான் இருக்கிறேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்து டைமரைப் போட்டுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்துகொள்கிறேன். படமும் ஆச்சு, மடியும் ஆச்சு.

அண்ணன்,
ஜீவராஜ்


நல்லதண்ணி, மேல்கணக்கு
27.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் இரண்டாவது படத்தால் இல்லை.

பொட்டை எந்தக் கன்னத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்தீர்களா? அத்தை வைத்தது இடது கன்னம். நீங்கள் வைத்தது வலது. மரு தாடையில் இருந்து மேலே ஏறி உதட்டோரம் வந்துவிட்டது. உங்கள் மச்சான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரையேறியது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டர் பொட்டு கண்ணுபடாமக் காக்குமாடி?" என்று கேட்டுவிட்டு, மைச்சிமிழை எடுத்து வந்து, பழைய படத்தின் கண்ணாடி மேலேயே விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் பாப்பாவுக்கு உடம்பு குளிர்ந்தது. நீங்கள் நம்ப வேண்டாம். நான் நம்புகிறேன்.

அத்தை ஒரு படி இறங்கியிருக்கிறார். "அவன் மடி வேணும்னா கேமராவ விட்டுட்டு வரட்டும். ரெண்டுல ஒண்ணு" என்கிறார். போனில்கூட எடுக்கக் கூடாதாம்.

நானும் அதையேதான் சொல்கிறேன் அண்ணே. என் கல்யாணத்தில் என் கையில் பொரி போட வேண்டிய நீங்கள் மணவறைக்கு எதிரே ஸ்டூல் மேல் நின்றீர்கள். பொரி போட்டது மதுரன். தர்ஷன் காது குத்து ஆல்பத்தைப் புரட்டினால் ஊரே இருக்கிறது. நம் லயத்து ஆடுகூட ஒன்றில் இருக்கிறது. நீங்கள் இல்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீங்கள் ஒருவர்தானே? படம் நன்றாக எடுக்க ஆள் கிடைப்பார்கள். கூடப் பிறந்தவருக்கு நான் எங்கே போவேன்? எழுதும்போதே அழுகை வருகிறது.

நீங்கள் வராவிட்டால் மதுரன்தான் உட்காருவான். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

பிரியந்தி


கொட்டகலை
03.02.2025

தங்கச்சிக்கு,

கேமரா இல்லாமல் நான் அங்கே வந்து கையை எங்கே வைத்துக்கொள்வது? யார் படம் எடுப்பார்கள்? மதுரனா? அவன் எடுத்தால் எல்லாருடைய செருப்பும் நன்றாக விழும்.

பதினாறாம் தேதி ஹட்டனில் ஒரு பெரிய குடும்பத்துக்குப் படம் எடுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கைப்பிள்ளைகளே ஐந்தாறு இருக்குமாம். இப்போது வரவில்லை என்றால் என்ன நினைப்பார்கள்? ஒன்றும் முடிவாகச் சொல்ல முடியாது. பார்க்கலாம்.

ஜீவராஜ்

பின்குறிப்பு: பாப்பாவுக்குத் தோடு பூ வைத்ததா, வெறும் கல்லா? சும்மாதான் கேட்கிறேன்.


நல்லதண்ணி, மேல்கணக்கு
19.02.2025

என் அன்பு அண்ணனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? தோடு பாப்பாவின் காதில் மின்னுகிறது. வீங்கவில்லை.

நீங்கள் கோயில் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தை உங்கள் பையை வாங்கித் தடவிப் பார்த்தாரே, கேமரா இருக்கிறதா என்று! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே கேமரா இல்லை, தோட்டுப் பெட்டிதான் இருந்தது.

முதல் காது குத்தியதும் பாப்பா வீரிட்டுக் கத்தினாள். உங்கள் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்றீர்கள். மழை தூறிக்கொண்டிருந்தது அண்ணே. ஆசாரி இரண்டாவது காதுக்கு வந்தபோது நீங்கள் அத்தனை பேர் முன்னால் ஆடு மாதிரி கத்தினீர்கள். பாப்பா அழுகையை மறந்து உங்கள் வாயைப் பார்த்தாள், அவரும் குத்திவிட்டார். இப்போது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் கத்திக்கொண்டு திரிகிறார்கள்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. அத்தை உங்கள் மச்சானின் போனைப் பிடுங்கி ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறார். மஸ்கெலியாவில் வேறு ஸ்டூடியோவில் கழுவினேன், கோபிக்காதீர்கள். "மொகத்தக் கொஞ்சம் கிளீன் பண்ணவா?" என்று அந்த ஸ்டூடியோக்காரன் கேட்டான். கை வைத்தால் காசு தரமாட்டேன் என்றேன்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் மூக்குக்கு மேலே ஒன்றும் விழவில்லை. ஆனால் மடி இருக்கிறது. மடியில் பாப்பா இருக்கிறாள். அவள் இடது கன்னத்தில் பொட்டு இருக்கிறது. உங்கள் கன்னத்திலும் இருக்கிறது. உட்கார்ந்ததும், "இவனையும் ஊரே பாக்குது, கண்ணு பட்டுடும்" என்று அத்தை அழுத்தி வைத்தாரே, அந்தப் பொட்டு.

தர்ஷனிடம் காட்டினேன். "தல இல்லாம இது யாருடா?" என்றேன். "மாமா" என்றான். போட்டோ மாமா என்று சொல்லவில்லை.

பாசமுள்ள தங்கை,
பிரியந்தி


கொட்டகலை
24.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

படம் கிடைத்தது. அத்தையிடம் சொல், தலையை வெட்டியிருந்தாலும் மற்றதெல்லாம் தெளிவாக இருக்கிறது, கை நடுங்கவில்லை என்று. கடை முன் கண்ணாடியில் அதைத்தான் மாட்டியிருக்கிறேன். "இப்படி எடுக்கிற ஆள்கிட்டயா நாங்க வர்றது?" என்று ஒருவர் பிள்ளைகுட்டிகளோடு திரும்பிப் போய்விட்டார். போகட்டும். ஹட்டன்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மருமகளுக்குக் காது குத்து என்றதும், போய்விட்டு வாங்க என்றார்கள்.

அத்தை மையில் என்ன கலக்கிறார்? கன்னத்தில் இன்னும் லேசாகத் தெரிகிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். முகம் கழுவும்போது அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடுகிறேன்.

தர்ஷனுக்கும் சுலக்ஷனாவுக்கும் தாய்மாமன்,
ஜீவராஜ்