தாழ்ப்பாள் வெளிப்பக்கம்

அன்புள்ள மாஸ்டருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை உங்கள் அக்கா போனில் சொன்னார். இடுப்பில் வைத்த தகடு நன்றாகப் பொருந்திவிட்டதாம். ஆனால் இன்னும் ஒரு வருஷத்துக்காவது சக்கர நாற்காலிதான், மாடிப்படியை நினைத்தே பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். உங்களுக்கு எதிரில் நின்று ஒருவர் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நல்ல நெஞ்சழுத்தம்தான் அவருக்கு.

உங்கள் கடிதம் வந்தது. "அந்த ராட்சசியக் கொன்னு போடச் சொல்லு. நான் வரும்போது அது லாயத்துல இருக்கக் கூடாது." அவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். நான் தனியாக எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. போகட்டும், குதிரையையாவது விசாரித்தீர்களே. குதிரை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பண்ணைகளில் ஏதோ காய்ச்சல் பரவுகிறதாம், அலைந்துகொண்டிருக்கிறார். மாதக் கடைசியில் வந்து ஊசி போட்டுவிடுகிறேன் என்றார்.

அதுவரை அதற்கு யார் தண்ணீர் வைப்பது என்று நீங்கள் எழுதவில்லை. லாயக்காரர் வேலையை விட்டுவிட்டார். உங்களையே உதைத்துத் தள்ளிய குதிரைக்குத் தான் எம்மாத்திரம் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நம்மிடம் குதிரையை விட்டிருந்தவர்களும் அவரவர் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது இங்கே ராட்சசியும் நானும்தான். ஒரு கழியின் நுனியில் வாளியைத் தொங்கவிட்டு, கதவுக்கு மேலாக நீட்டுகிறேன். பாதி வழியிலேயே சிந்துகிறது, மீதியை அது உதைத்துக் கவிழ்க்கிறது. நீங்கள் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள்.

அன்றைக்கு வைக்கோலில் கிடந்து நீங்கள் கத்தியும் நான் கொட்டடி வாசலைத் தாண்டவில்லை என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுகிறீர்களாம். உண்மைதான், தாண்டவில்லை. எனக்குக் கால் வரவில்லை. கல்யாணமான புதிதில் என் பயத்தைத் தெளியவைக்கிறேன் என்று அந்தக் கொட்டடிக்குள்தானே என்னைத் தள்ளி, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டீர்கள்? அப்போது அங்கே இருந்தது வேறு குதிரை. சவாரி கற்க வருகிறவர்கள் எல்லோருக்கும் உங்கள் முதல் பாடம் அதுதான். கையில் ஒரு கேரட்டைக் கொடுப்பீர்கள். குதிரை அதை வாங்கித் தின்றால்தான் கதவு திறக்கும். மற்றவர்களுக்குச் சீக்கிரமே திறந்தது. எனக்கு மட்டும் பொழுது சாயும்வரை திறக்கவில்லை. கேரட் என் கையிலேயே வதங்கிப்போனது. நீங்கள் வெளியே சீட்டியடித்தபடி நின்று, வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டு என்னைக் காட்டினீர்கள். கீழே கையெழுத்தாகப் போடுகிறேனே, இந்தப் பெயரும் அன்றைக்கு நீங்கள் வைத்ததுதான்.

வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொடைநடுங்கி

* * *

அன்புள்ள மாஸ்டருக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்து வண்டி தடதடவென்று போனால்கூட உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறதாம். டிவியில் குதிரை வந்தால் முகத்தை மூடிக்கொள்கிறீர்களாம். "என் தம்பியா இப்படி ஆயிட்டான்?" என்று அக்கா போனிலேயே மூக்கைச் சிந்தினார். நானும் அச்சச்சோ என்றேன். போனை வைத்த பிறகு கொஞ்சம் சிரித்தேன், பொய் எதற்கு.

இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. நீங்கள் போனதிலிருந்து ராட்சசி ராப்பகலாகக் கதவை உதைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே படுத்திருந்தது. உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என்னமோ வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள். செத்துப்போனால் இவ்வளவு பெரிய உடம்பை நான் ஒருத்தி எப்படி வெளியே இழுப்பேன் என்ற கவலைதான். கை நடுங்கி, பாதித் தண்ணீர் என் மேலேயே கொட்டியது. அது தடுமாறி எழுந்து காதை மடக்கியது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சுவராக நின்றேன். வந்தது, குடித்தது, என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாழ்க்கையில் யாரும் என்னைக் கண்டுகொள்ளாமல் விட்டது அவ்வளவு சுகமாக இருந்ததில்லை.

பிறகு தினமும் போனேன். முதலில் தண்ணீர், அப்புறம் புல், அப்புறம் கழுத்துப் பக்கம் மட்டும் பிரஷ். கை நடுக்கம் போக வேண்டுமே என்று பேச்சுக் கொடுத்தபடியே தேய்ப்பேன். பேசுவதற்கு விஷயம் வேண்டுமே, உங்களைத் திட்டினேன். மணிக்கணக்காகத் திட்டினேன். அது இரண்டு காதையும் என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. திட்டு தீர்ந்துபோய் நான் நிறுத்தினால் மூக்கால் ஒரு இடி இடிக்கிறது.

நேற்று லாயக்காரர் தன் மழைக்கோட்டை எடுத்துப்போக வந்தார். வரும்போதே சீட்டியடித்துக்கொண்டு வந்தார். உங்களோடு சேர்ந்து சேர்ந்து, உங்கள் மெட்டுத்தான் அவருக்கும் வரும். அது கேட்டதுதான் தாமதம், ராட்சசி பின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. தோலெல்லாம் அலை அலையாக நடுங்கியது. ஏன் இப்படி நடுங்குகிறது என்று நினைத்தபோதுதான் பார்க்கிறேன், நானும் அதே மூலையில் நிற்கிறேன். என் தோள் அதன் தோளோடு ஒட்டியிருக்கிறது. எப்போது ஓடி வந்தேன் என்றே தெரியவில்லை. அவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ரெண்டு பேரும் இப்படி நடுங்கறீங்க?" என்றார்.

எனக்குக் குதிரைகள் மேல் பயமே இருந்ததில்லை, மாஸ்டர். இத்தனை வருஷம் எதைக் கண்டு நடுங்கினேன் என்று நேற்றுத்தான் விளங்கியது. சாட்டையோடு நீங்கள் சீட்டியடித்துக்கொண்டு உள்ளே போன அன்று அவள் ஏன் உதைத்தாள் என்பதும் விளங்கியது. அவர் போன பிறகு கேரட்டை நீட்டினேன். மெதுவாக வாங்கித் தின்றாள். கதவு திறந்துதான் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் தொடைநடுங்கி

* * *

அன்புள்ள மாஸ்டருக்கு,

குதிரை டாக்டர் ஊசியோடு வந்தார். டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். "மாஸ்டர் சொல்லியிருக்காரேம்மா" என்று இழுத்தார். "மாஸ்டர் இங்க இல்ல, நான் இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகு, இது யார் குரல் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இப்போது சவாரியும் செய்கிறேன். விழுந்தேன், முழங்கையெல்லாம் சிராய்ப்பு. அவள் நின்று, நான் எழுந்திருக்கும்வரை காத்திருந்தாள். நான் விழுந்து எவரும் சிரிக்காதது இதுதான் முதல் தடவை. இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருத் தையல்காரம்மா தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லி வருகிறாள். அவளை நான் எங்கேயும் அடைத்துவைக்கவில்லை.

குதிரையை ஒழித்தாயிற்றா என்று மட்டும் கேட்டுச் சொல்லுமாறு நீங்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினீர்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த உங்களை இனிமேல் தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று உங்கள் அத்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அடுத்த வாரம் வண்டி வைத்து அனுப்புகிறார்கள். தாராளமாக வாருங்கள், இது உங்கள் வீடு.

மாடி ஏற முடியாது என்பதால் கீழே சேணம் வைக்கிற அறையை உங்களுக்காக ஒழித்துக் கட்டில் போட்டிருக்கிறேன். வெள்ளையும் அடித்தாயிற்று. உங்களுக்குத் தெரியாததா, அந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால்தான் அவள் கொட்டடி. புழுங்குமே என்று அந்தச் சுவரின் நடுவில் அடைத்திருந்த பலகையைத் தச்சரை விட்டுக் கழற்றிவிட்டேன். அவள் கழுத்தை நீட்டினால் தலையணை வரைக்கும் வருகிறாள். பகலில் அங்கேதான் தலையை வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அந்த அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருக்கிறது, உள்ளே மாற்றிவிடட்டுமா என்று தச்சர் கேட்டார். வேண்டாம், மாஸ்டருக்கு இப்படித்தான் பழக்கம் என்றேன்.

கட்டில் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் கேரட் வைத்திருக்கிறேன். உள்ளங்கையை விரித்து நீட்ட வேண்டும், நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். உங்கள் கையிலிருந்து அவள் வாங்கித் தின்றதும் கதவு திறக்கும். சாப்பாடு, மருந்து எல்லாம் நேரத்துக்கு ஜன்னல் வழியாக வரும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து சீட்டி மட்டும் அடிக்காதீர்கள். அவளுக்கு ஆகாது.

பத்திரமாக வந்து சேருங்கள். எதற்கும் பயப்படாதீர்கள். நான் வெளியேதான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி