வாசனைக்குத் திரும்பிய வகுப்பு

அன்புள்ள லிம்பானிக்கு,

உங்கள் இருமல் நின்றதா? நான் நலம், அலுப்புதான் தீரவில்லை.

இங்கே பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விப் பட்டப்படிப்பை மதிப்பிட வந்த எங்களுக்கு, காது கேளாத பிள்ளைகளின் வகுப்பு என்று ஒன்றைக் காட்டினார்கள். வெளியே சமையல்காரம்மா, “களி ஆறுது, வாங்கடா!” என்று கத்தினார். வகுப்பே திரும்பியது.

“வாசனை வந்திருக்கும் மேடம்,” என்றார் துறைத்தலைவர்.

சிரித்துவிட்டேன். தேறாது என்று அறிக்கையில் எழுதினால் இந்தப் பட்டப்படிப்பையே மூடிவிடுவார்கள்.

ஒரு சிறுமி மட்டும் திரும்பவில்லை. மற்றவர்கள் சாப்பிட ஓடிய பிறகும் ஆசிரியையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிலோங்வே பேருந்து புறப்படுகிறது, ஓட்டுநரிடம் இதைக் கொடுக்கிறேன். அவரிடமே கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்புங்கள். நம் மகள் டியாவைச் சாப்பிட அழைக்கும்போது மறந்துபோய் அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். கிட்டப் போய்த் தோளைத் தொடுங்கள்.

உங்கள் எலூபி